வலப்பக்கம் திரும்பாத படகு

அன்று மாலை வேங்கிக்கால் ஏரிக்கரையில் இருந்தவர்கள் இவர்கள். அப்பாசாமி என்கிற நான். என் தங்கை தங்கம்மாள். அவள் மகன் சடையன். சடையனுக்குத் தன் மகள் பொன்னியைக் கொடுப்பதாகத் தாம்பூலம் மாற்றியிருந்த, மல்லாட்டை அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் முருகையன். மெக்கானிக் சுப்பிரமணி. துப்பறியும் ஆதிலட்சுமி. அவளுடைய உதவியாள் தருமன். ஏழு பேர். ‘நான் என் கண்ணால பார்த்தேன்’ என்று தொடங்கும் எட்டாவது ஆள் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஆதிலட்சுமியின் மற்ற வழக்குகளைத் தருமன் எழுதுவது வழக்கம். இது எங்கள் வீட்டு வழக்கு. ஆகவே இந்த அத்தியாயத்தை நான் எழுதுகிறேன்.

1984, தை மாதம். அந்த வருஷம் மழை ஜாஸ்தி. ஏரி நிரம்பியிருந்தது. எங்களுக்கு அடி அண்ணாமலையில் நிலம், வேங்கிக்காலில் லாரி ஷெட். தகப்பன் இல்லாத சடையனை நான்தான் வளர்த்தேன். பக்கத்து அணைக்கட்டுக்கு வருகிற ஜனங்களை ஏற்றிச் செல்லலாம் என்று அவன் மெட்ராஸ் துறைமுக ஏலத்தில் ஒரு வெளிநாட்டுப் படகை எடுத்து வந்தான். அதில் இன்ஜின் படகுக்குள்ளேயே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஒரு கால் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கும். அந்தக் காலின் நுனியில்தான் விசிறி. ஓட்டுகிறவன் முன்னால் சக்கரத்தைத் திருப்பினால் பின்னால் அந்தக் கால் முழுவதும் திரும்பும், படகும் திரும்பும். கால் கனமானது என்பதால் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பவர் ஸ்டீயரிங் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை சடையன் ஏரியில் விட்டுப் பார்த்தான். ஒற்றை விரலால் திருப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை உறவு முறையெல்லாம் கரையில் கூடிப் பூஜை போட்டோம். பூசணிக்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழம் வைத்தோம், காப்பு கட்டினோம். ஒவ்வொரு மரியாதையையும் உரியவருக்கே கொடுத்தோம். பிறகு சடையன் ஏரியை ஒரு முறை வலம் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

படகு இடமாகச் சுற்றியது.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. இந்த ஊரில் மலையை வலமாகத்தான் சுற்றுவோம். மற்ற எதையும் அப்படியே. மலை பார்த்துக்கொண்டிருக்க, சடையன் ஏரியை இடமாக ஒரு சுற்று சுற்றினான். கரையில் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுபடியும் இடமாகவே சுற்றினான். கடைசியில் படகு மதகு ஓரத்துச் சேற்றில் மூக்கை நுழைத்து நின்றது. எழும்பிய சேறு முருகையனின் பட்டு வேட்டியில் இடுப்பு வரை ஏறியது. சடையனை இறக்கப் போனவர்கள் அவன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்தார்கள்.

அதற்குமேல் ஊருக்கு விசாரணை தேவைப்படவில்லை.

அதுவரை முருகையன் என்னைச் ‘சம்பந்தி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பார்த்ததும் ‘அப்பாசாமி’ என்றார். மறுநாள் சனிக்கிழமை மாலை, நாங்கள் மாற்றிக்கொடுத்த தாம்பூலத் தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்.

“மதகுப் புள்ளையாருக்கு வெளக்கு வெக்கற வரைக்கும் பார்ப்பேன், அப்பாசாமி. அதுக்கப்புறம் தட்டு உங்க கைக்கு. நான் என் வீட்டுக்கு.”

“எங்க வீட்ல குடிக்கறவன் கெடையாது” என்றேன்.

“எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்க.”

தட்டு திரும்பி வந்தால் நிச்சயம் முறிந்தது என்று அர்த்தம். குடிகாரன் என்று முறிந்த நிச்சயத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான். எங்கள் வீட்டுப் பெண்ணையும் எடுக்க மாட்டான். ஆகவேதான் ஆதிலட்சுமிக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் என் சகலையின் மகள். போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் திருவூடல் தெருவில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தாள். பெண்கள் இந்த வேலைக்கு வருவதை நான் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் வீட்டு விஷயத்தை வெளியாளிடம் கொடுக்க முடியாது.

மொபெட்டில் வந்து இறங்கினாள். பின்னால் டார்ச் லைட்டைக் கட்டிப் பிடித்தபடி தருமன். பயணிகளிடம் வாய் கொடுத்ததற்காகக் கண்டக்டர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன். வாய் மட்டும் இன்னும் வேலையில்தான் இருந்தது.

“பெரியப்பா, நீங்க கூப்பிட்டீங்கன்னு இவன் நம்பவே இல்ல” என்றாள் ஆதிலட்சுமி.

“போன தடவ ஐயா என்னைப் பார்த்தப்போ ‘உருப்படியா வேற வேல கெடைக்கலையா’ன்னு கேட்டாருங்க” என்றான் தருமன்.

“இப்பவும் அதான் கேக்கறேன்” என்றேன்.

முதலில் பாட்டில். முருகையன் அதைத் தன் பக்கத்திலேயே சாட்சியாக நிறுத்தி வைத்திருந்தார். தருமன் மூடியைத் திறந்து முகர்ந்தான். இரண்டு சொட்டு விரலில் விட்டுத் தேய்த்தான்.

“அக்கா, மாப்பிள்ள இதக் குடிச்சிருந்தா பேச்செல்லாம் வழுக்கிக்கினு வந்திருக்கும். எண்ணெய்.”

“ஸ்டீயரிங் ஆயிலுங்க” என்றான் சுப்பிரமணி. “டப்பா ஓட்டையாயிடுச்சு. பாட்டில்ல ஊத்தி வெச்சேன்.”

முருகையன் அசையவில்லை. “எண்ணெய் ஊத்தறதுக்கு முன்ன உள்ள இருந்தது எங்க போச்சாம்?”

சுப்பிரமணி தன் கால் விரல்களைப் பார்த்தான். “அது தீபாவளிக்கு முந்தியே போயிடுச்சுங்க.”

“யாருக்குள்ள போச்சுன்னு நாங்க கேக்கல” என்றான் தருமன்.

ஆதிலட்சுமி முருகையன் பக்கம் திரும்பினாள். “ஐயா, நேத்து நீங்க மொதல்லேருந்து பார்த்துக்கினு இருந்தீங்க. படகு எந்தப் பக்கம் தப்பா போச்சு?”

“இடது பக்கம். ஊரே பார்த்துச்சே.”

“ஒரு தடவையாவது வலது பக்கம் தப்பா போச்சா?”

“இல்ல. எல்லாமே இடதுதான்.”

“குடிச்சவன் ரெண்டு பக்கமும் தப்பு பண்ணுவான். இவன் ஒரே பக்கமா, ஒழுங்கா தப்பு பண்ணியிருக்கான்.”

முருகையன் பாட்டிலைக் காலால் ஓரமாக நகர்த்தினார். தட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

சடையன் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான். கொப்புளங்கள். “வலது பக்கம் திருப்பினா சக்கரம் வரவே இல்லக்கா. ரெண்டு காலையும் ஊணி இழுத்துப் பார்த்துட்டேன்.”

“அப்போ நிறுத்தியிருக்கலாமே?”

“எல்லாரும் கரையில நின்னு பாக்கறாங்க. நடு ஏரியில நிறுத்தினா மாமா மானம் போயிடும்னு...”

எனக்கு அது சரியான காரணமாகவே பட்டது.

படகு மதகுக்குப் பக்கத்தில், விசிறி மூழ்கும் ஆழத்தில் கட்டியிருந்தது. ஆதிலட்சுமி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறினாள். நான் மலையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு மேற்பார்வை வேண்டும் என்பதால் நானும் ஏறினேன்.

“பம்பு போயிடுச்சுங்க. மெட்ராஸ்லேருந்துதான் வரணும்” என்றான் சுப்பிரமணி.

“எத வெச்சு சொல்ற?”

“எது போனாலும் மெட்ராஸ்லேருந்துதாங்க வரணும்.”

இன்ஜினுக்கு மேல் இருந்த மூடியைத் தூக்கச் சொன்னாள். எண்ணெய் அளவைப் பார்த்தாள். கோடு வரை இருந்தது. நுரை இல்லை. பம்பைச் சுற்றும் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினாள், விறைப்பாக இருந்தது.

“எண்ணெய் கம்மியானாலும், காத்து புகுந்தாலும், பெல்ட் தளர்ந்தாலும் ரெண்டு பக்கமும்தான் கனக்கும். சடையா, ஸ்டார்ட் பண்ணு.”

இன்ஜின் உறுமியது. இடப்பக்கம் ஒற்றை விரலால் திருப்பினான். சக்கரம் வெண்ணெய் மாதிரி வந்தது. வலப்பக்கம் திருப்ப முயன்றான். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர சக்கரம் அசையவில்லை.

இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். முன்னால் இருக்கும் சக்கரத்திலிருந்து ஒரு தடித்த கேபிள் படகின் ஓரமாகப் பின்னால் போய்க் காலோடு இணைகிறது. சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரிதான். உள்ளே கம்பி, மேலே உறை. கேபிளைக் காலோடு சேர்க்கும் ஊசியைச் சுப்பிரமணி கழற்றினான். இப்போது சக்கரம் இரண்டு பக்கமும் இலகுவாகச் சுழன்றது. ஆக, கேபிள் உள்ளே துருப்பிடிக்கவில்லை. சடையனும் சுப்பிரமணியும் தண்ணீரில் நின்று காலைக் கையால் தள்ளினார்கள். அதுவும் இரண்டு பக்கமும் நகர்ந்தது.

“சக்கரம் நல்லவன்” என்றான் தருமன். “கேபிள் நல்லவன். கால் நல்லவன். எண்ணெய் ரொம்ப நல்லவன். மிச்சம் இருக்கறது மாப்பிள்ள ஒருத்தர்தான்.”

கரையிலிருந்து முருகையன் இதைக் கேட்டார். தட்டைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. மதகுப் பிள்ளையாருக்கு முன்னால் அகலும் தீப்பெட்டியுமாகத் தங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“இருட்டிப் போச்சேம்மா. வெளக்கு வெக்கலியா?” என்று கேட்டார் முருகையன்.

“திரி நனைஞ்சு கெடக்குதுங்க. காயட்டும்” என்றாள் தங்கம்மாள்.

அந்தத் திரியை நான் படகிலிருந்தே பார்த்தேன். அதில் ஈரம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆதிலட்சுமி இன்ஜின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து யோசித்தாள். “தருமா, ஒரு பக்கம் விட்டுட்டு ஒரு பக்கம் மட்டும் தடுக்கறது எது?”

“எங்க டெப்போ டைம் கீப்பர். வண்டி உள்ள வந்தா தூங்குவாரு, வெளிய போனா மறிப்பாரு.”

“பொருளா சொல்லு. இரும்பு வளைஞ்சாலும் துருப்பிடிச்சாலும் ரெண்டு பக்கமும் பிடிக்கும். இது இழுத்துப் பிடிக்குது. ஆனா எதிர்ப்பக்கம் தள்ள மாட்டேங்குது.”

“மாட்டக் கட்டி வெச்சா அப்படித்தான். மொளைய வுட்டுத் தூரமாப் போகாது. மொள கிட்ட வந்து நின்னுக்கும்.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “கயிறு” என்றாள்.

“படகுல ஏதுக்கா மாடு?”

அவள் பதில் சொல்லாமல் கேபிளின் மேலுறையைப் பிடித்து, அது பின்சுவரில் வந்து சேரும் இடத்தில் ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் ஆடியது.

“இது லூசா ஆடுதே, சுப்பிரமணி?”

“அது வந்தப்போலேருந்தே ஆடுதுங்க. இறுக்கிடலாம்னுதான் நெனச்சேன், நட்டு கெடைக்கல.”

“இவ்ளோ பெரிய இன்ஜினப் பண்ணினவனுக்கு ஒரு நட்டு போடத் தெரியாதா? ஆடணும்னுதான் விட்டிருக்கான். ஊசிய மாட்டு. ஸ்டார்ட் பண்ணுங்க.”

இன்ஜின் மறுபடி ஓடியது. மேலுறையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “இடது” என்றாள். உறை ஒரு நெல் அளவு நகர்ந்தது. உடனே எண்ணெய் அழுத்தத்தில் கால் மளமளவென்று திரும்பியது. “வலது” என்றாள். சடையன் இழுத்தான். உறை நகரவில்லை. காலும் நகரவில்லை.

விஷயம் இதுதான். சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கம்பி கனமான காலைத் தள்ளப் பார்க்கும். கால் லேசில் நகராது. அதனால் மேலுறை எதிர்த்திசையில் ஒரு நெல் அளவு பின்வாங்கும். அந்த நெல் அளவுதான் எண்ணெய்க்கு வழி திறக்கும் சாவி. உறை நகரவில்லை என்றால் பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எண்ணெய் வராது. மனுஷன் தன் கைப்பலத்தால் மாடு இழுப்பதை இழுக்க வேண்டும்.

அவள் உறையின் அடிப்பக்கமாகக் கையை விட்டுத் தடவினாள். நின்றாள்.

“டார்ச்.”

தருமன் வெளிச்சம் காட்டினான். கேபிளின் மேலுறையும் பக்கத்தில் இருந்த இரும்புச் சட்டமும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. உறை சட்டத்தை நோக்கி வந்தால் கயிறு விடும், விலகினால் பிடிக்கும். கிரீஸ் ஏறிக் கயிறு கேபிளோடு கேபிளாகக் கறுத்திருந்தது. மூடி போட்டால் கண்ணுக்கே தெரியாது. அவள் நகத்தால் சுரண்டினாள். கறுப்புக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும் இருந்தது.

“இது காப்பு” என்றேன்.

“எவனோ வேண்டாதவன் கட்டியிருக்கான் மாமா!” என்றான் சடையன்.

“வேண்டாதவன் மஞ்சள் வெச்சுக் கட்ட மாட்டான்” என்றாள் ஆதிலட்சுமி. “தருமா, முடிச்சப் பாரு.”

தருமன் குனிந்தான். “இழுக்க இழுக்க இறுகுற முடிச்சுக்கா. பஸ் மேல ஏத்தற மல்லாட்ட மூட்டையில பார்த்திருக்கேன். மூட்ட கிழிஞ்சாலும் இது அவிழாது.”

“சரி. கத்தியக் குடு.”

அவன் கத்தியை நீட்டினான். நான் கையை நடுவில் வைத்தேன்.

“காப்ப அறுக்கறதா? எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் காப்ப அறுத்தது இல்ல. கட்டினவங்க கையாலதான் அவுக்கணும்.”

“சரிங்க பெரியப்பா. வண்டிக்குக் காப்பு யாரு கட்டுவாங்க?”

“வீட்ல ஒரு பையனுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தா பொண்ணு கொடுக்கறவங்க கட்டணும். அதுதான் எங்க வழக்கம்” என்று கம்பீரமாகச் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது. வெள்ளிக்கிழமை காலை அந்தக் கயிற்றைத் தட்டில் வைத்து, என் கையாலேயே முருகையனிடம் நீட்டியிருந்தேன். அவர் படகில் ஏறினார். நான் பூசணிக்காயைக் கவனித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, ‘கட்டியாச்சு சம்பந்தி, நல்லா பலமா’ என்றார்.

தருமன் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டான். ஏழு பேரும் அதற்குச் சாட்சி.

ஆதிலட்சுமி கரையைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். “ஐயா, சக்கரத்துல கட்டாம ஏன் பின்னாடி கட்டினீங்க?”

முருகையன் எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. அது நல்லதுதான்.

“லாரி முன்னாடி திரும்புது” என்றார். “அதனால முன்னாடி கட்டறோம். படகு பின்னாடிதானே திரும்புது? எது திரும்புதோ அதத்தானே சாமி காப்பாத்தணும்?”

இதில் தர்க்கப் பிழை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

“சாமி காப்பாத்திடுச்சுங்க” என்றான் தருமன். “ஆடாம அசையாம காப்பாத்திடுச்சு.”

“தருமா” என்றாள் ஆதிலட்சுமி. அவன் வாயை மூடினான்.

முருகையன் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். முடிச்சை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் தாம்பூலத் தட்டு இருந்தது. அதைத் தரையில் வைக்கக் கூடாது. தங்கம்மாள் எழுந்து வந்து உதவியாக இரண்டு கைகளையும் நீட்டினாள்.

முருகையன் தட்டைச் சட்டென்று மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்மா. நீங்க வாங்கக் கூடாது.”

சடையன் கிட்டே வந்தான். அவனிடமும் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், தட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். எங்கள் வீட்டு ஆள் யார் கையில் பட்டாலும் தட்டு திரும்பி வந்ததாக ஆகிவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசியில் எந்த வீட்டையும் சேராத தருமனைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீ பிடி. கீழ போட்டுடாத.”

“கண்டக்டர் பையைவிட பத்திரமா பார்த்துக்கறேங்க” என்றான் தருமன். தட்டைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றான்.

முருகையன் படகில் ஏறி இன்ஜின் ஓரமாக மண்டியிட்டார். கிரீஸில் விரல் வழுக்கியது. அவர் போட்ட முடிச்சு அவருக்கே எளிதில் அவிழவில்லை. தருமன் தட்டைக் கை மாற்றிப் பிடித்தான். ஆதிலட்சுமி டார்ச்சைப் பிடித்தாள். சுப்பிரமணி மட்டும், “நட்டு வாங்கறதுக்கு மெட்ராஸ் போற வேல மிச்சம்” என்று யாருக்கோ சொன்னான். முடிச்சு அவிழ்ந்தது.

காப்பை அவர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு முன்னால் போனார். சக்கரத்தின் நடுக்கம்பியில் மறுபடி கட்டினார். இந்தத் தடவை தளர்வாக.

“விடு மாப்ள” என்றார்.

சடையன் கட்டை அவிழ்த்துப் படகைக் கிளப்பினான். நாங்கள் எல்லோரும் கரையில் ஏறி நின்றோம். படகு நடு ஏரிக்குப் போயிற்று. சடையன் ஒற்றை விரலை மட்டும் சக்கரத்தில் வைத்து மற்றக் கையை எங்களுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினான். படகு வலப்பக்கம் திரும்பியது. மலைக்கு எதிரே, ஏரியை ஒழுங்காக வலம் வந்தது.

தங்கம்மாளின் திரி காய்ந்துவிட்டது. விளக்கு வைத்தாள்.

முருகையன் தருமனிடமிருந்து தட்டை வாங்கினார். துண்டால் துடைத்தார். மறுபடி சுற்றினார்.

“நேரமாச்சு. பொன்னி காத்துக்கினு இருப்பா. வரேன், சம்பந்தி” என்றார். தட்டோடு போனார்.

வெள்ளிக்கிழமை பாட்டிலைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். சனிக்கிழமை முடிச்சைப் பார்த்தவர்கள் நாங்கள் ஏழு பேர் மட்டும். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றே நான் இருந்தேன். ஆனால் வாரம் திரும்புவதற்குள் தேரடித் தெருவில் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. அப்பாசாமி வீட்டில் சாமிக்குக் கட்டிய காப்பைக் கத்தியால் அறுத்து ஏரியில் எறிந்தார்கள். அதற்குப் பிறகுதான் படகு ஓடியது. அந்தக் கல்யாணம் விளங்காது என்று. அதைவிடத் தான் காப்பை இறுக்கிக் கட்டிவிட்டதாகவே ஊர் பேசட்டும் என்று முருகையனே வந்து சொன்னார். ஆகவே எழுதினேன்.

காப்பை யாரும் அறுக்கவில்லை. ஏரியிலும் எறியவில்லை. கட்டியவர் அவிழ்த்தார், அவிழ்த்தவரே கட்டினார். படகின் சக்கரத்தில் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கையால் தொட வேண்டாம்.